மனுவின் பின்பக்கம்

பெரியப்பா இறந்து ஓராண்டு முடிந்த பிறகுதான் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். நிலப் பத்திரம் ஏதாவது இருக்கும் என்று அண்ணன் நினைத்தார். இருந்ததெல்லாம் மனுக்கள். மாவட்ட ஆட்சியருக்கு, பொதுப்பணித் துறைக்கு, மின்வாரியச் செயற்பொறியாளருக்கு, முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு என்று முப்பது வருடத்து நகல்கள். பழையவை கார்பன் தாள் வைத்து எடுத்தவை. எழுத்து நீலமாகப் பூத்துப் போயிருந்தது. பாதிக்கு மேல் ஒரே பொருள்தான்: அத்திக்கடவு - அவினாசி திட்டத்தை நிறைவேற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

ஒரு தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கப் பெரியம்மாவின் கையெழுத்து. காலை நாலரை, மாலை மூணு. காலை நாலு, மாலை மூணேகால். பிண்ணாக்கு ஒரு மூட்டை. சொசைட்டிப் பால் கணக்கு. வீட்டில் வேறு காகிதம் ஏது? சங்கத்துக்காக எடுத்த நகலில் மிஞ்சியதைத்தான் எரவாரத்தில் செருகி வைத்து எழுதியிருக்கிறார். இடையிடையே சில தேதிகளில் மாலைக் கணக்கு விடுபட்டிருந்தது. அந்த இடத்தில் ‘கோயமுத்தூர்’ என்று ஒரு சொல் மட்டும். அந்தத் தேதிகளைக் குறித்துக்கொண்டு மற்றத் தாள்களைப் புரட்டினோம். ஆட்சியர் அலுவலகத்தின் வரவு முத்திரைகளில் அதே தேதிகள் கிடைத்தன. பெரியப்பா மனுவோடு பஸ் ஏறிய நாள்களில், முறைத் தண்ணீர் பாய்ச்சவும் ஆடு ஓட்டவும் ஓடியே பெரியம்மாவுக்குப் பொழுது சாய்ந்திருக்கிறது. மாலைப் பாலைச் சொசைட்டியில் சேர்க்க முடியவில்லை.

பெரியப்பா விவசாயிகள் சங்கத்தின் ஒன்றியச் செயலாளர். கட்சியில் ஒன்றியச் செயலாளர் என்றால் வாசலில் கார் நிற்கும். சங்கத்தில் அந்தப் பதவிக்குக் கிடைப்பது ஒரு பச்சைத் துண்டு, ஒரு ரசீதுப் புத்தகம். சந்தா வசூலாகவில்லை என்றால் நோட்டீஸ் அடித்த பிரஸ்காரருக்குக் கைக்காசுதான். பெட்ரோல், ஜெராக்ஸ், கூட வந்தவர்களுக்கு டீ எல்லாம் பால் காசிலிருந்து போகும். தமிழ்நாட்டு விவசாயிகள் இயக்கத்தின் முன்பக்கத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பின்பக்கத்தில் எழுதிய பெரியம்மாக்களைப் படித்தவர்கள் குறைவு.

இரண்டு பைசா

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் இரண்டு பைசாவில் ஆரம்பித்தது. 1970-ல் பம்ப்செட்டுக்கான மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்ந்தது. இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கோவைச் சீமையில் கிணற்று நீர் மட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நீர் இறங்க இறங்க மோட்டார் கூடுதல் நேரம் ஓட வேண்டும். கட்டணத்தையும் ஏற்றினால் மண்ணே கடனாளியாகிவிடும்.

வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு அந்த இரண்டு பைசாவைக் கையில் எடுத்தார். 1925-ல் பிறந்தவர், தோட்டக்காரர். அதே 1970 ஜூன் 19-ஆம் தேதி பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அரசு ஒரு பைசா குறைத்தது. மூன்று உயிருக்கு ஒரு பைசா என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் கசப்போடு சொல்வார்கள். 1972-ல் கட்டணம் மறுபடி ஏறியபோது கட்டை வண்டிகள் கோவை நகரத்துக்குள் புகுந்தன. சாலைகளில் வண்டிகளை நிறுத்தி மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். நகரம் ஸ்தம்பித்தது. அந்த ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை நினைத்துத்தான் இன்றும் ஜூலை 5 அன்று கொங்கு ஊர்களில் பச்சைத் துண்டுகள் ஒன்றுகூடுகின்றன.

கட்டை வண்டிப் போராட்டத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். வண்டியையும் காளைகளையும் ஊரை விட்டு ஓட்டிப் போய்விட்டால், ஊரில் அன்று ஏர் ஓட்டியது யார், குப்பை இழுத்தது யார்? பெரியம்மாவிடம் கேட்டேன். “ஏர் எங்கிருந்து ஓட்டறது? ஆளும் மாடும் வந்து சேர்ற வரைக்கும் வெதைக்காமத்தான் கெடந்துச்சு” என்றார். “ஈரம் போச்சுனா போச்சு. அது ஒரு கணக்கா?”

அதன் பிறகு வந்தது கட்ட மாட்டோம் போராட்டம். மின்கட்டண நிலுவை, கூட்டுறவுக் கடன் எதையும் கட்டாதீர்கள் என்றது சங்கம். ஃபியூஸைப் பிடுங்க வயர்மேன்கள் ஊர் ஊராக வந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு ஒருவர் வந்தபோது பெரியப்பா சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பெரியம்மா வயர்மேனைத் திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. “வெய்யில்ல வந்திருக்கறீங்க, உக்காருங்க சாமி” என்று திண்ணையில் உட்கார வைத்து ஒரு செம்பு மோர் கொடுத்தார். குடித்து முடிந்ததும் இன்னொரு செம்பு. இதற்குள் சின்னப் பையனைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பியாயிற்று. மூன்றாவது செம்பு வருவதற்குள் மோட்டார் ரூம் வாசலில் பதினைந்து பெண்கள் நின்றார்கள். வயர்மேனும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். சங்கத்தின் நோட்டில் இந்தச் சம்பவம் ஒரு வரி: ‘மின்துண்டிப்பு முறியடிக்கப்பட்டது.’ யாரால் என்று எழுதவில்லை.

நாயுடு 1982-ல் கட்சி ஆரம்பித்தார், இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சி. அது அவருக்குக் கைகொடுக்கவில்லை. சாலை மறியலுக்கு வந்த கூட்டம் வாக்குச் சாவடியில் சாதியாகவும் கட்சியாகவும் பிரிந்து நின்றது. 1984 டிசம்பர் 21 அன்று, வீட்டிலிருந்து வெகுதூரத்தில், கோவில்பட்டியில் இறந்தார். வயது 59. சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் அதே 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. எல்லா விவசாயிகளுக்கும் என்று ஆனது 1990-ல், கருணாநிதி ஆட்சியில். இன்று மாநிலத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பம்ப்செட்டுகள் அந்த மின்சாரத்தில் ஓடுகின்றன. ஒவ்வொரு தேர்தலிலும் இதை யார் கொடுத்தது என்று இரண்டு கழகங்களும் சண்டை போட்டுக்கொள்ளும். யார் வாங்கியது என்ற பேச்சே வராது.

நாயுடுவுக்குப் பிறகு சங்கம் உடைந்தது, உடைந்தது மறுபடியும் உடைந்தது. இப்போது ஒரே ஒன்றியத்தில் நாலைந்து சங்கம். லெட்டர்பேடுகள் வேறு, துண்டின் பச்சை மட்டும் ஒன்று. பெரியப்பா இரண்டு முறை சங்கம் மாறினார். மாறிய காரணத்தை இரண்டு முறையும் நீளமாக விளக்கினார். இரண்டு முறையும் எனக்குப் புரியவில்லை.

ஒன்றரை டி.எம்.சி.

அவினாசி, அன்னூர், பெருமாநல்லூர், குன்னத்தூர் வட்டாரத்தை மழை வந்தால் தெரியாது, வராவிட்டால் உடனே தெரியும். ஆறு கிடையாது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியும் புகைதான் வரும். பவானி ஆற்றில் வெள்ளமாகப் போகும் உபரி நீரை இந்தப் பக்கத்துக் குளம் குட்டைகளில் நிரப்புங்கள் என்ற கோரிக்கைக்கு அறுபது வயதுக்கு மேல். பில்லூர் மலைக்குள் இருக்கும் அத்திக்கடவிலிருந்து வாய்க்கால் வெட்டுவதுதான் முதலில் இருந்த யோசனை. அதனால்தான் அந்தப் பெயர். கடைசியில் திட்டம் நிறைவேறியபோது தண்ணீர் எடுக்கும் இடம் ஈரோடு மாவட்டத்துக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போய்விட்டது. பெயரை மட்டும் யாரும் மாற்றத் துணியவில்லை. அத்திக்கடவு என்ற சொல்லை வைத்து எத்தனை மனு எழுதியாகிவிட்டது!

ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தச் சொல் வாக்குறுதியாக வரும். ஆய்வு என்பார்கள், அறிக்கை என்பார்கள். நான் பள்ளியில் படித்தபோது பெரியப்பா ஒரு சார்ட்டில் வரைபடம் வரைந்து ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருந்தார். கல்லூரி முடித்து வந்தபோதும் அதே சார்ட். மடிப்பில் கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. 2016 பிப்ரவரியில் அவினாசியில் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கியது. பந்தலுக்குக் கிராமம் கிராமமாக ஆள் வந்தது. டிராக்டரில் பெண்கள் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த பழைய சங்கக் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது புதிது. பெரியப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததால் உண்ணாவிரதம் இருக்க விடவில்லை. பந்தலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதினார்.

2019 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. செலவு 1,916 கோடி ரூபாய். ஆறு நீரேற்று நிலையங்கள், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகள், 24,468 ஏக்கர் பாசனம். ஆண்டுக்கு எடுக்கும் நீர் ஒன்றரை டி.எம்.சி. மேட்டூர் அணை நிறைந்தால் 93 டி.எம்.சி.யைத் தாண்டும்; அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது ஒரு கை நீர். அந்தக் கை நீருக்கு மூன்று தலைமுறை.

பெரியப்பா அதைப் பார்க்கவில்லை. எங்கள் குட்டையில் குழாய் வாய் திறந்து தண்ணீர் கொட்டிய அன்று பெரியம்மா கரையில் போய் நின்றார். கண்ணீர் விடுவார் என்று நான் எதிர்பார்த்தேன், பத்திரிகைக்காரப் புத்தி. அவர் குழாயின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கரையில முள்ளு வெட்டாம வுட்டுட்டாங்க. ஒரு மழைக்குத் தாங்காது” என்றார். அடுத்த வாரம் ஊராட்சிக்கு மனு போனது. கருவேல முள்ளை அகற்றிக் கரையைப் பலப்படுத்தித் தரக் கோரி.

முப்பத்தைந்து சம்பா

டெல்டாவின் கதையில் கட்டை வண்டி இல்லை, கட்டுக்கட்டாகக் காகிதம். காவிரியில் தண்ணீர் கேட்டு மாநில அரசுகள் பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தபோது, 1983-ல் உச்ச நீதிமன்றத்தின் படியேறியது ஒரு விவசாயிகள் சங்கம். தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்பது அதன் பெயர். வாசிக்கவே ஒரு மூச்சு வேண்டும். செயலாளர் மன்னார்குடி எஸ்.ரங்கநாதன். நடுவர் மன்றம் அமையுங்கள் என்பது வழக்கு. 1990 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஜூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் அமைந்தது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1991-ல் 205 டி.எம்.சி. இடைக்காலத் தீர்ப்பு. 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு, பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. அதை அரசிதழில் வெளியிட வைக்க இன்னும் ஆறு ஆண்டு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. அந்த ஜூனில் மேலாண்மை ஆணையம் வந்தது. வழக்குப் போட்டதிலிருந்து எண்ணினால் முப்பத்தைந்து சம்பா.

இதில் என்னை அசைப்பது தீர்ப்பின் எண்கள் அல்ல. கடைமடையில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பம் டெல்லி வழக்கை எப்படிப் பார்த்திருக்கும்? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. திறக்காவிட்டால் சம்பா ஒன்றுதான். அது விளைந்தால் கொள்முதல் நிலையத்தில் களத்து நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டு இரவெல்லாம் காவல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழை வந்தால் மறுபடி காயப் போட வேண்டும். இதற்கு நடுவில் வீட்டுத் தலைவர் மனுதாரர் கூட்டத்துக்கு மன்னார்குடி போகிறார், தஞ்சாவூர் போகிறார். நெல்லைப் புரட்டிப் போட்டது யார் என்று எந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பிலும் இருக்காது.

டெல்டாவைப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் கூலித் தொழிலாளர் குடும்பத்தவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு. எதிரில் நின்ற நிலவுடைமையாளர்களும் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், நெல் உற்பத்தியாளர் சங்கம். ‘விவசாயி’ என்ற ஒரு சொல்லுக்குள் பட்டாதாரரும் கூலிக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. எங்கள் பெரியப்பாவின் பெட்டியிலும் தேடினேன். மின்சாரம், தண்ணீர், கடன், உயர்மின் கோபுரம், தேங்காய் விலை எல்லாம் இருந்தன. கூலி பற்றி ஒரு மனுகூட இல்லை.

பட்டா யார் பெயரில்?

2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக ஊரே திடலில் வந்து உட்கார்ந்தது. முதல் கட்டம் 22 நாள். ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டம் 174 நாள். அரை ஆண்டு ஒரு கிராமம் திடலில் இருப்பதென்றால் அது மேடைப் பேச்சாளர்களால் நடக்கிற காரியம் இல்லை. தெருவுக்குத் தெரு முறை போட்டு, அரிசியும் காய்கறியும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நேராகத் திடலுக்கு வரச் சொல்லி, பால் கறக்கிற நேரத்துக்கு மட்டும் வீட்டுக்கு ஓடி... பெண்கள் அப்படித்தான் அதை நடத்தினார்கள். சுற்று வட்டாரத்துக் கிராம சபைகளில் தீர்மானம் போடச் சொல்லிக் கையைத் தூக்கியவர்களிலும் அவர்கள்தான் அதிகம். 2020 பிப்ரவரியில் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தபோது, நிழற்படத்தில் நின்றவர்கள் வேறு ஆள்கள்.

அதே 2017-ல்தான் திருச்சி அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டோடு உட்கார்ந்தார்கள். 41 நாள். நாடே பார்த்தது. கேமராவுக்கு மண்டை ஓடு பிடிக்கும். மாதாந்திர மனுவை எப்படிப் படம் எடுப்பது?

இந்தப் பெண்களை அரசு எப்படி எண்ணுகிறது என்பது தனிக் கதை. பயிர்க்கடன் வேண்டுமா, சிட்டா கொண்டு வா. பயிர்க் காப்பீடா, அடங்கல் கொண்டு வா. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம்.கிசான் நிதியும் நிலம் யார் பெயரிலோ அவருக்குத்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் பெண்கள் கையிலுள்ள சாகுபடி உடைமைகள் சுமார் 14 சதவீதம். தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்திப் பெண்ணுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு கொடுத்துவிட்டது, நாடு 2005-ல்தான் அதைச் செய்தது. சட்டம் கொடுத்தது சரி. எங்கள் ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அக்கா தங்கைகளைக் கூட்டிப் போவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கத்தான்.

பெரியம்மா ஐம்பது வருடம் பண்ணையம் பார்த்தவர். பெரியப்பா இறந்து பட்டா மாறும்வரை அரசுக் கணக்கில் அவர் விவசாயியே இல்லை. விவசாயி இல்லாதவர் விவசாயிகள் சங்கத்தில் எப்படி உறுப்பினராவார்? ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை முழுக்கப் பார்த்தேன். அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

நாற்பத்திரண்டாம் எண்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணியோடு திருப்பூர் போனேன். அண்ணன் மனைவி, பி.காம். படித்தவர், வீட்டில் நான்கு கறவை. ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள். பெரியப்பா காலத்தில் அவினாசியிலிருந்து கோவைக்கு ஓட வேண்டும். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமான பிறகு தூரம் குறைந்தது. மற்றபடி மண்டபம், மைக், மேசை மேல் பெயர்ப்பலகைகள், எழுந்து நின்று பதில் சொல்லும் அதிகாரிகள் எல்லாம் அப்படியே.

முன்வரிசையில் பச்சைத் துண்டுகள். ஒருவர் காய்ந்த தென்னங்கீற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கீற்றின் அடிப்பக்கம் வெள்ளை ஈ சுருள் சுருளாக முட்டை இட்டிருந்தது. மேல்பக்கம் கரி பூசியது போலக் கரும்பூசணம். மைக் கிடைத்தவர்களில் சிலர் கோரிக்கையைவிடத் தங்கள் சங்கத்தின் பெயரை நீளமாகச் சொன்னார்கள். அண்ணிக்கு டோக்கன் எண் நாற்பத்திரண்டு. மனுவின் பொருள், திட்டத்தில் விடுபட்ட பக்கத்து ஊர்க் குட்டையைச் சேர்ப்பது பற்றி. எங்கள் குட்டைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஊருக்கு வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அண்ணியைத்தான் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினவளே போய்க் கொடுத்துவிடு என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.

மணி ஒன்றே முக்காலுக்கு அழைத்தார்கள். அண்ணி எழுந்தபோது குரல் முதலில் எடுபடவில்லை. பிறகு சர்வே எண், குட்டையின் பரப்பு, அருகில் போகும் குழாயிலிருந்து அதற்குள்ள தூரம் என்று மூன்றே வாக்கியம். எந்தச் சங்கம் என்று மேடையிலிருந்து கேட்டார்கள். “சங்கம் இல்லைங்க. தோட்டத்துக்காரங்க” என்றார். ஒருவர் குறித்துக்கொண்டார். பரிசீலிக்கப்படும் என்ற பதில் வந்தது. பெரியப்பாவின் பெட்டியில் அந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அவினாசி பஸ்ஸில் உட்கார்ந்தபோது மூன்றரை. அண்ணியின் செல் அடித்தது. மறுமுனையில் அண்ணன். கறக்க உட்கார்ந்திருக்கிறார், சிவலை சுரப்பு விடமாட்டேன் என்கிறது, இரண்டு முறை உதைத்துவிட்டது, பால்வண்டி நாலரைக்கு வந்துவிடும்.

“நீங்க கைய வெச்சா அது எப்படி சொரக்கும்?” என்றார் அண்ணி, குரலைத் தாழ்த்தி. “கன்னுக்குட்டிய அவுத்துவுட்டு ரெண்டு வாய் ஊட்ட வுடுங்க. மடிய வெதுவெதுன்னு தண்ணியில தொடைங்க. அத்தையக் கூப்புட்டு முன்னால நிக்கச் சொல்லுங்க, மொகம் பார்த்தா நிக்கும்.” கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். “எத்தன லிட்டருன்னு நோட்டுல எழுதி வெச்சிருங்க” என்று சொல்லிவிட்டு வைத்தார்.